பட்டறைப் பதில்கள்: வேற வண்டிச் சாமான் மாட்டலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. வண்டி பழசு, சாமான் கிடைக்கவில்லை. வேறொரு வண்டியின் சாமான் பார்க்க அதே மாதிரி இருக்கிறது. மாட்டலாமா?

உச்சிப்புளி ரோட்டோரத்தில் பட்டறை வைத்திருப்பவனிடம் கேட்டால் "மாட்டலாம்" என்றுதான் வாய் முதலில் சொல்லும். லாரி எஞ்சினை விசைப்படகில் இறக்கிக் கடலுக்கு அனுப்புகிற கரை இது. எதையும் எதோடும் பொருத்தப் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போனது. ஆனாலும் நான் ஒன்றை முதலில் கேட்டுக்கொள்வேன். இந்தச் சாமான் நடுவழியில் காலை வாரினால் வண்டி நின்றுபோகுமா, நிற்காமல் போகுமா? நின்றுபோனால் நாலு பேர் தள்ளிவிடலாம். நிற்காமல் போனால் என்ன செய்ய? கீழே ஒருவருக்குச் சரி என்றும் இன்னொருவருக்குக் கூடவே கூடாது என்றும் சொல்லியிருப்பது இந்தக் கணக்கில்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

*

கேள்வி: வாப்பா 1974-ல் வாங்கிய அம்பாசடர் மார்க் டூ வீட்டில் நிற்கிறது. விற்க யாருக்கும் மனசில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை ரீவைண்டிங் செய்த பிறகும் ராத்திரி ஹெட்லைட் போட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு, அதே வேலை செய்யும் மாருதி 800 ஆல்டர்னேட்டரைப் போட்டுத் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். காக்கா (அண்ணன்) கூடாது என்கிறார், வண்டியின் ஒரிஜினல் போய்விடுமாம். என்ன செய்ய?
வாசகர், கீழக்கரை

பதில்: மாட்டுங்கள் தம்பி. கழற்றிய டைனமோவைச் சாக்கில் சுற்றிக் காக்கா கையில் கொடுத்துவிடுங்கள். ஒரிஜினல் அவரிடமே பத்திரமாக இருக்கட்டும்.

ரீவைண்டிங் செய்தவர் மேல் குற்றம் இல்லை. டைனமோவின் குணமே அப்படி. ஓட ஓடக் கொடுக்கும், ஐடிலிங்கில் ஒன்றும் கொடுக்காது. நல்ல வேகத்தில் போனாலே 20 ஆம்பியரைச் சுற்றித்தான் வரும். இரண்டு ஹெட்லைட், டெயில் லைட், காயில், மழை வந்தால் வைப்பர் எல்லாம் சேர்ந்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். கீழக்கரைத் தெருக்களில் செகண்ட் கியரைத் தாண்ட இடம் ஏது? பேட்டரி இறங்காமல் என்ன செய்யும். ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கிலேயே தேவையான அளவு கொடுத்துவிடும்.

மாட்டுவதற்கு முன் பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது? இங்கிலாந்து வம்சத்துப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, அதாவது பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். உங்களுடையதும் அப்படியிருந்து, பார்க்காமல் ஆல்டர்னேட்டரைச் சேர்த்தால் உள்ளேயிருக்கும் டயோடு கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். பாசிட்டிவ் எர்த் என்றால் முதலில் அதை மாற்ற வேண்டும். பேட்டரியைத் திருப்பி வைத்து, காயிலின் இரண்டு சின்ன ஒயர்களை இடம் மாற்றி, அந்தக் காலத்து ரேடியோ இருந்தால் கழற்றிவிடுங்கள். செல்ஃப் மோட்டாரைப் பற்றிக் கவலை வேண்டாம். அது எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும்.

அடுத்தது பொருத்தம். டைனமோ நீளம், ஆல்டர்னேட்டர் குட்டை. எஞ்சினில் இருக்கும் இரண்டு காதுகளுக்கு நடுவே இடைவெளி விழும். அங்கேதான் பல பேர் கையில் கிடைத்த வாஷரை எல்லாம் அடுக்கி போல்ட்டை முறுக்குகிறார்கள். ஒரு மாதத்தில் வாஷர்கள் ஒன்றை ஒன்று தின்று, போல்ட் ஆடி, காது விரிசல் விடும். கெட்டியான இரும்புக் குழாயை அளந்து வெட்டி, இரண்டு முனையையும் லேத்தில் நேராக முகம் எடுத்து, ஒரே புஷ்ஷாகப் போடச் சொல்லுங்கள். கிராங்க் புல்லி, வாட்டர் பம்பு புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நீளமான இரும்பு ஸ்கேலை முகத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. கோணலாக ஓடிப் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் இல்லை, எஞ்சினும் கொதிக்கும்.

பெல்ட் புல்லிக்குள் உட்காரும் விதத்தையும் பாருங்கள். வி பெல்ட் பக்கவாட்டுச் சுவரைத்தான் பிடிக்க வேண்டும். பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்புக்குச் சமமாக நின்றால் சரி. பள்ளத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு ஓடினால் அது சறுக்கும், கீச்சிடும், பளபளவென்று தேயும். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தீராது, பேரிங்தான் போகும்.

ஒயரிங்கில், டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்அவுட் பெட்டிக்கு இனி வேலை இல்லை. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியை அழகுக்கு விட்டுவைக்கலாம், கரண்ட் அதற்குள் போகக்கூடாது. டைனமோவுக்குப் போட்ட ஒயர் மெல்லிசு. ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து பேட்டரிக்குத் தடித்த ஒயர் புதிதாக இழுத்து, நடுவில் ஃபியூஸ் போடுங்கள். டேஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் இருந்தால் மொத்தக் கரண்ட்டையும் அதன் வழியாக விடாதீர்கள். முள் கடைசிக்கு ஓடி ஒட்டிக்கொண்டு, பின்பக்கம் புகையும்.

இன்னொரு சின்ன விஷயம், இதில் பல பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு சார்ஜ் லைட் சும்மா எச்சரிக்கைக்கு மட்டும் இல்லை. அந்தப் பல்பு வழியாகப் போகிற கொஞ்சம் கரண்ட்டில்தான் ஆல்டர்னேட்டர் முதலில் விழித்துக்கொள்கிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலோ, புதுமோகத்தில் அதை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டாலோ, ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் அந்தப் பல்பைப் பாருங்கள்.

*

கேள்வி: என்னுடையதும் அம்பாசடர்தான், 1980-களின் மாடல். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே குழி விழுந்து ஆயில் கசிகிறது. ஆம்னி வேனின் புது மாஸ்டர் சிலிண்டர் ஒன்று சும்மா கிடைத்தது. போல்ட் ஓட்டையைக் கொஞ்சம் ராவினால் உட்காருகிறது. பைப் நட்டையும் கையால் சுற்றிப் பார்த்தேன், அழகாக உள்ளே போகிறது. ஸ்பேனர் வைத்து இறுக்கிவிடலாமா அண்ணே?
வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இறுக்காதீர்கள். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

அழகாக உள்ளே போகிறது என்றீர்களே, எனக்குப் பயம் அதில்தான். இங்கிலாந்து வழியில் வந்த வண்டிகளின் பிரேக் பைப் நட்டு பொதுவாக இன்ச் மரை. 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. மாருதி வண்டிகளில் இருப்பது மில்லிமீட்டர் மரை. 10 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். இப்போது கணக்கைப் பாருங்கள். 3/8 அங்குலம் என்றால் 9.525 மில்லிமீட்டர். மரை இடைவெளி 1.058 மில்லிமீட்டர். கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. ஓட்டை அரை மில்லிமீட்டர் பெரிது என்பதால் நட்டு கொஞ்சம் லூசாக, சுகமாக உள்ளே போகும். ஆனால் மரையின் நுனிதான் நுனியைப் பிடித்திருக்கிறது, ஆழம் பாதிகூடச் சேரவில்லை. ஸ்பேனர் வைத்தால் முதலில் இறுகியது மாதிரி காட்டும், அப்புறம் மரை உரிந்துவிடும். உரியாமல் தப்பித்தால் இன்னும் மோசம். பட்டறைக்குள் மெதுவாக மிதிக்கும்போது தாங்கும். குறுக்கே ஆடு வந்து ஓங்கி மிதிக்கும்போது குழாய்க்குள் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு அளவுக்கு அழுத்தம் ஏறும். கழலுவதற்கு அந்த நேரத்தைத்தான் அது பார்த்துக்கொண்டிருக்கும்.

திரெட் கேஜ் என்று சீப்பு மாதிரி பல் வைத்த தகடுகள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. இன்ச் தகட்டையும் மில்லிமீட்டர் தகட்டையும் நட்டில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சரியான தகடு என்றால் மரைக்கும் பல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரியாது. பழைய வண்டியில் கை வைக்கிற யாரும் இதை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சரி, பைப் முனையை வெட்டி மில்லிமீட்டர் நட்டு போட்டுப் குழாய் வாயை விரித்துப் புதிதாக ஃபிளேர் அடித்துவிட்டால்? அப்போதும் இரண்டு விஷயம் மிச்சம் இருக்கிறது. ஒன்று, உள்விட்டம். மாஸ்டர் சிலிண்டருக்குள் 3/4 அங்குலப் பிஸ்டன் இருந்த இடத்தில் 7/8 அங்குலம் போட்டால் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். அதே கால், அதே மிதி, ஆனால் குழாய்க்குள் அழுத்தம் கால்வாசிக்கு மேல் குறையும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், "ஆஹா, பிரேக் பிரமாதம்" என்று தோன்றும், வண்டி நிற்காது. ஆம்னி மாதிரி வண்டிகளில் காலுக்குத் துணையாக பூஸ்டர் இருந்தால், அதன் சிலிண்டர் அந்தத் துணையை நம்பிச் செய்தது. துணை இல்லாமல் அதை மட்டும் பெயர்த்துக்கொண்டுவந்தால் உங்கள் கால்தான் பூஸ்டர்.

இரண்டாவது, டிரம் பிரேக்குக்குக் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் நிற்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வால்வு அதைப் பார்த்துக்கொள்ளும். சுமார் 10 பவுண்டு. அது இருந்தால்தான் வீல் சிலிண்டரின் ரப்பர் உதடு விரிந்து நின்று காற்றை உள்ளே விடாது. முன்னால் டிஸ்க் இருக்கும் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் அந்த வழிக்கு இந்த வால்வு இருக்காது, இருந்தால் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடும். அதை நாலும் டிரம்மாக இருக்கும் வண்டியில் போட்டால் காற்று புகுந்துகொண்டே இருக்கும், நீங்களும் ஏர் எடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

உங்கள் பழைய சிலிண்டரின் உடம்பு நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப்போடாதீர்கள். நல்ல லேத் பட்டறையில் உள்ளே கடைந்து, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே திரும்பக் கொண்டுவந்து, வழுவழுப்பாக ஹோனிங் போடலாம். ஆயில் போகும் சின்னத் துளைகளை ஸ்லீவிலும் அதே இடத்தில் போட்டு, ஓரத்துப் பிசிறை எடுக்க வேண்டும். பிசிறு இருந்தால் ரப்பரை அறுத்துவிடும். உப்புக்காற்று ஊருக்கு இப்படி ஸ்லீவ் போட்ட சிலிண்டர் புதுசைவிட நல்லது என்பேன், உள்ளே துரு பிடிக்காது. புது ரப்பர் கிட் போட்டு, எஞ்சின் ஓடாமல் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ விடுகிறது. இணைப்பு ஒவ்வொன்றிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றித் திரும்பவும் மிதியுங்கள். ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். அதெல்லாம் முடிந்த பிறகு பாம்பன் பாலம் ஏறலாம். 1988-ல் அந்த ரோட்டுப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயில்தான் வழி. அப்போது உங்களுக்கு நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

சும்மா கிடைத்த ஆம்னி சிலிண்டரை ஆம்னி வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள்.

*

கேள்வி: ரேடியேட்டர் மூடி போய்விட்டது. புது வண்டி மூடி அதே வாய்க்குச் சரியாக இருக்கிறது. போடலாமா?
வாசகர், தேவிபட்டினம்

பதில்: மூடியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். இப்போதைய கார் மூடிகளில் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும். அது பார் கணக்கு, 0.9 என்றால் ஏறக்குறைய 13 பவுண்டு அழுத்தம். பழைய வண்டிகளுக்கு 4, 7 பவுண்டு மூடிகள்தான். பித்தளை ரேடியேட்டர், ஈயப்பற்று, வயசு வேறு ஆகிவிட்டது. 13 பவுண்டை வைத்தால் ஈயம் விட்ட இடம், ஹீட்டர் குழாய், வாட்டர் பம்பு சீல் எது பலவீனமோ அது முதலில் போகும். மூடி வாய்க்குள் இறங்கும் ஆழத்தையும் பழசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆழம் குறைந்தால் ஸ்பிரிங் அழுத்தவே அழுத்தாது, தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். 7 என்று எழுதிய மூடி பழைய சாமான் கடைகளில் இன்னும் கிடைக்கிறது.

*

கேள்வி: பத்மினி கார். எஞ்சின் ஓட்டும் பெட்ரோல் பம்பு (ஏ.சி. பம்பு என்பார்களே, அது), உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு புதிதாகப் போட்டும் சில மாதங்களில் மக்கர் செய்கிறது. மாருதி டேங்குக்குள் இருக்கும் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பு ஒன்று கையில் இருக்கிறது. அதையே வெளியில் வைத்து ஓட்டலாம் என்கிறான் மச்சான்.
வாசகர், மண்டபம்

பதில்: மச்சானுக்கு நல்ல மனசு, கணக்கு மட்டும் தப்பு. எலக்ட்ரிக் பம்பு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அந்தப் பம்பு கூடாது. அது இன்ஜெக்டருக்குக் கொடுக்கச் செய்தது, 3 பார் அளவுக்குத் தள்ளும், 40 பவுண்டுக்கு மேல். உங்கள் கார்புரேட்டரின் நீடில் வால்வு தாங்குவது 3, 4 பவுண்டு. மிச்சம் எல்லாம் ஃப்ளோட் அறை நிறைந்து, வழிந்து, சூடான மேனிஃபோல்டு மேல் விழும். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு அந்தப் பம்பு பெட்ரோலுக்குள் மூழ்கிக் குளிர்ந்துகொண்டே ஓடுவதற்குச் செய்தது.

கார்புரேட்டர் வண்டிக்கென்றே குறைந்த அழுத்தப் பம்புகள் விற்கின்றன. அதில் ஒன்றைப் போடலாம், டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் மட்டத்துக்கு இறக்கி. இழுப்பதைவிடத் தள்ளுவதுதான் அதற்குச் சுலபம். ஆனால் சாவி போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும் என்று மட்டும் ஒயரிங் செய்யாதீர்கள். வண்டி எங்கேயாவது மோதி எஞ்சின் நின்றாலும் பம்பு பெட்ரோலைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். ஆயில் பிரஷர் இருந்தால்தான் பம்புக்குக் கரண்ட் போகும் என்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வையுங்கள், கிளப்பும்போது மட்டும் செல்ஃப் வழியாக வரட்டும்.

எனக்கென்னவோ உங்கள் பம்பைவிட உங்கள் பெட்ரோல் மேல்தான் சந்தேகம். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது இ20, நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். பத்மினி பிறந்தபோது இப்படி ஒரு பெட்ரோல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பழைய ரகத்து ரப்பர் அதில் ஊறி உப்பும், அப்புறம் காய்ந்து வெடிக்கும். கடையில் கிடைக்கும் டயாஃப்ரம் எந்தக் காலத்துச் சரக்கோ, யார் கண்டது. எத்தனாலுக்குத் தாங்கும் டயாஃப்ரம் என்று கேட்டு வாங்குங்கள். விட்டான் (Viton) ரப்பர் என்ற பெயரில் கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். ஹோஸ் பைப்பும் அதே ரகமாக இருக்கட்டும். டயாஃப்ரம் கிழிந்தால் வெளியே ஒழுகும் என்று மட்டும் நினைக்காதீர்கள், பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள்ளும் இறங்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியைக் கிளப்பாமல் ஆயிலை மாற்றுங்கள்.

வேறு பம்பு மாட்டினாலும் இதே பம்பைத் திரும்ப மாட்டினாலும், பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் கெட்டித் தக்கையைத் தொலைத்துவிடாதீர்கள். சூடு ஏறாமல் தடுப்பதோடு, நெம்புகோல் எவ்வளவு அசைய வேண்டும் என்பதையும் அதன் கனம்தான் தீர்மானிக்கிறது. மெல்லிசாகப் போட்டால் நெம்புகோல் அதிகம் அசைந்து டயாஃப்ரத்தைக் கிழிக்கும், தடிமனாகப் போட்டால் பெட்ரோல் பற்றாது. சில மாதங்களில் கிழிகிறது என்றால் இதையும் அளந்து பாருங்கள்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மண்டபத்தில் ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். ஈரத்துக்கா பஞ்சம்?

*

கேள்வி: 1970 மாடல் ஃபியட். தினமும் இதில்தான் கடைக்குப் போகிறேன். டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போட்டாகிவிட்டது. விண்டேஜ் நம்பர் வாங்க முடியுமா?
வாசகர், தொண்டி

பதில்: 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, வாடகைக்கு ஓடாத வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு உண்டு. நம்பரில் வி.ஏ. என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. சேஸி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய உருவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆல்டர்னேட்டர் அந்த மூன்றில் எதுவும் இல்லை. டீசல் எஞ்சினை இறக்கியிருந்தால் கதை வேறு.

ஆனால் ஒன்று, விண்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படித்தான் வெளியே எடுக்கலாம். நீங்கள் அதில்தான் தினமும் கடைக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எதற்கு வி.ஏ. நம்பர்? இருக்கிற ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுங்கள்.

*

கேள்வி: தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருகிறேன். முன்சக்கரத்தில் டிரனியன் என்ற பித்தளைச் சாமான் தேய்ந்து ஆடுகிறது. படகுத் தண்டுக்குப் புஷ் கடையும் லேத்துக்காரர் உடைத்த கப்பல் வெண்கலத்தில் செய்து தருகிறேன் என்கிறார். கை சுத்தமான ஆள். செய்யலாமா?
வாசகர், வாலிநோக்கம்

பதில்: ஹெரால்டா! சென்னையில் செய்த வண்டி, இந்தப் பக்கம் அதைப் பார்த்தே ரொம்ப நாளாயிற்று. ஒரு போட்டோவும் அனுப்பியிருக்கலாம்.

அந்த லேத்துக்காரரின் கை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. படகுத் தண்டு புஷ் கடைகிறவருக்கு வெண்கலம் அத்துப்படி. ஆனால் டிரனியன் வெறும் புஷ் இல்லை. ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்பின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது இந்த வெண்கலத்துக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. வண்டியின் முன்பாரமும் குழியில் விழும் அடியும் அங்கேதான் சேர்கின்றன. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர். இதை அளந்து கடைவது அவருக்கு முடியாத வேலை இல்லை. ஆனால் உடைத்த கப்பலில் வந்த வெண்கலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பார்க்க ஒரே மஞ்சளாக இருக்கும். ஒன்று மெத்தென்று தேயும், இன்னொன்று வெடுக்கென்று விரியும்.

அதைவிட எனக்குக் கவலை வெண்கலத்துக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு மரையைப் பற்றித்தான். டிரனியனைக் கழற்றி அந்த இரும்பைப் பெட்ரோலில் கழுவி, மரை முடியும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். துருக்குழி, கோடு மாதிரி விரிசல், மரை முடிகிற இடத்தில் இடுப்பு சிறுத்தது, எதைப் பார்த்தாலும் அந்த இரும்பு வேண்டாம். வெல்டிங் வைத்து மரை வெட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது ஒடிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். அதுவும் பெரும்பாலும் மெதுவாக வளைக்கும்போதுதான் ஒடியும், ஏனென்றால் முறுக்கு அப்போதுதான் அதிகம்.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கும் அதே சேஸியிலிருந்து பிறந்த ஸ்பிட்ஃபயருக்கும் இந்தச் சாமான்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தபாலில் வரவழைக்கச் செலவாகும், ஆகட்டும். உங்கள் லேத்துக்காரருக்கு ஹெரால்டில் வேறு வேலை நிறைய இருக்கிறது. கதவுக் கீல் முளை, கியர் கம்பிப் புஷ், பெடல் புஷ், சைலன்சர் கிளாம்ப் எல்லாவற்றையும் அவரிடமே கொடுங்கள், மனதாரச் செய்து தருவார்.

புதுசு மாட்டிய பிறகு கிரீஸ் கன்னை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். டிரனியனுக்குக் கிரீஸ் இல்லை, இ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் அடைத்து இறுகிக்கொண்டால் அடிமரைக்கு எண்ணெய் போகாது. தண்ணீர் மட்டும் எப்படியோ போய்விடும், அதுவும் வாலிநோக்கத்துத் தண்ணீர், உப்பளம் ஓரம் ஓடுகிற வண்டி. மேலே இருக்கும் பிளக்கைக் கழற்றி, நிப்பிள் போட்டு, பழைய ஆயில் கசிந்து வெளியே வரும்வரை புது ஆயிலை அடியுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கட்டாயம்.

*

கேள்வி: டைனமோ பேரிங் சத்தம் போடுகிறது. கார் ஸ்பேர்ஸ் கடையில் இந்த மாடலுக்கு வருவதே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.
வாசகர், சாயல்குடி

பதில்: வண்டிப் பெயரைச் சொல்லிப் பேரிங் கேட்காதீர்கள், நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். பேரிங்கைக் கழற்றித் துடைத்தால் விளிம்பில் நம்பர் இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, கனம் 12 மில்லிமீட்டர், உலகத்தில் எங்கே வாங்கினாலும். அதே பேரிங் தண்ணி மோட்டாரில் இருக்கும், மாவு மில்லில் இருக்கும், பைக்கில் இருக்கும். நம்பர் அழிந்துபோயிருந்தால் வெர்னியர் அளவுகோலில் மூன்று அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நம்பருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தையும் விடாதீர்கள். இசட் இசட் என்றால் இரண்டு பக்கமும் தகடு மூடி, 2 ஆர்.எஸ். என்றால் ரப்பர் மூடி. நம் பக்கத்து உப்புப் புழுதிக்கு ரப்பர் மூடிதான் சரி. சி3 என்று போட்டிருந்தால் உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதல், சூடாகிற இடத்துக்கு அது. பழசில் சி3 இருந்தால் புதுசிலும் அதையே கேளுங்கள். மோட்டார் பம்புசெட் கடையில் கேட்டால் அன்றைக்கே கிடைத்துவிடும்.